அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை

என்னிடம் யாராவது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். வாத்தியார் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு காரணம். வீட்டில் முதல் காரணத்தை மட்டும்தான் வெளியே சொல்வார்கள்.

காரைக்குடியில் தண்ணீர் கேன் போடும் தொழில் எனக்கு ஒத்துப்போனதும் இதனால்தான். நிறைந்த கேனை வைத்துவிட்டு வெறும் கேனை எடுத்துக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. போனில் ஆர்டர் எடுப்பது, "நாயைப் புடிச்சுக் கட்டுங்க, ஆளு வருது" என்று சொல்வது, கேனில் தூசி இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் என் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். கடையில், பேங்கில், விசேஷ வீட்டில், எல்லா இடத்திலும்.

இப்படிப்பட்ட மனிதனை ஒரு அறையில் உட்கார வைத்து, "நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்" என்று சொல்வது ஒரு வைத்தியம் என்றால், அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்கு வருத்தம்தான். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் கொஞ்சம் நன்றியும் கலந்திருக்கிறது. அதனால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

எல்லாம் ஒரு சேலையில் ஆரம்பித்தது.

போன தை மாதம் என் அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். வந்த சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் அண்ணி சேலை வைத்துக் கொடுத்தார். என் மனைவியும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பச்சைச் சேலை, கடுகு நிறக் கரை. அண்ணன் மகள் சடங்குக்கு அவளே கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து அண்ணிக்குக் கொடுத்த சேலை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"நான் கொடுத்ததையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்காக" என்றாள்.

"வேற சேலையா இருக்கும்."

"முந்தியில பாருங்க, ஒரு இழை தப்பியிருக்கா? இதுக்காகத்தான் கடைக்காரரு கொறச்சுக் கொடுத்தாரு. அதே சேலைதான்."

நான் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்த நேரம் சரியில்லை. "அப்ப நாமளும் இழை தப்புன சேலையத்தானே கொடுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்றாள். நாளுக்கு நாள் அந்த ஒரு வார்த்தை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தரையில் என் கால் அழுக்குப் படுகிறதே என்று ஓரமாக நின்றேன். அண்ணி காபி கொடுத்தார். குடித்தேன். திரும்பி வந்தேன்.

"கேட்டீகளா?" என்றாள் மனைவி.

"காபி கொடுத்தாக" என்றேன்.

மறுநாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிங்கம்புணரியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்லவேண்டாம் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்திருக்கிறாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

போகும்போது ஆர்டர் வருகிற போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காரைக்குடியில் யாருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும் மணி அடிப்பது சிங்கம்புணரியில்தான். அவள் எடுத்துப் பேசி, பிறகு என் போனுக்குக் குரல் பதிவாக அனுப்புவாள். "பெருமாள் கோயில் பக்கம் மாடி வீடு, மூணு." "மெஸ்ஸுக்கு அஞ்சு, சீக்கிரம்." அவ்வளவுதான். சாப்பிட்டீகளா, எப்படி இருக்கீக என்று ஒரு சொல் கிடையாது. கோபமாக இருக்கிறவள் தொழிலை விட்டுவிட வேண்டும், தொழிலை விடாதவள் கோபத்தை விட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நான் என்னதான் செய்வது? கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு, காதில் போனை வைத்து, "மூணு" என்று அவள் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நான் கேன் போடும் தெருக்களில் ஒரு பழைய பெரிய வீடு உண்டு. முகப்புக்கு மட்டும் வருஷா வருஷம் வர்ணம் அடிப்பார்கள், பின்கட்டில் சமையலறைக் கூரை விழுந்து கிடக்கும். அதன் முன்பகுதியை வாடகைக்கு எடுத்து ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் இலவச மனநல ஆலோசனை மையம் நடத்தினார்கள். அங்கே இருந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் எல்லோரும் கவுன்சலிங் அம்மா என்பார்கள். மகளிர் குழுப் பெண்கள் அங்கே போய் வருவது எனக்குத் தெரியும். என் மனைவியும் குழுவில் இருக்கிறாள் என்பதை நான் சேர்த்து யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை கேன் இறக்கப் போனபோது வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. சிங்கம்புணரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, காரைக்குடி வரைக்கும் வந்து, எங்கள் வீட்டுக்கு வராமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அவள் குரல் ஓயாமல் கேட்டது. கேனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வெறும் கேனைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் குரல் வந்தது. "மெஸ்ஸுக்கு அஞ்சு. சென்டருக்கு ரெண்டு. சென்டர்ல நீங்களும் உக்காந்து அந்த மேடத்துக்கிட்டப் பேசணும். அதுக்கப்புறந்தான் நான் வாரதா வேணாமான்னு."

ஆக, அவள் திரும்பி வருவது நான் பேசுவதில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னால் எது முடியாதோ, அதில்.

போனேன். மின்விசிறி, இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தார்கள். சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு படம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழ்ப்படியில் சாப்பாடு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. அதற்கு மேல் அன்பு, உறவு. அதற்கு மேல் மதிப்பு. உச்சியில், ஒரு மனிதன் தான் என்னவாக முடியுமோ அதுவாக ஆவது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மேல்படிக்குப் போக முடியுமாம்.

எனக்கு அங்கேயே முதல் எரிச்சல். என் மனைவிக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குச் சொல்லவே வேண்டாம். நாலாவது படியில் ஒரு சேலைக்காக முதல் மூன்று படியையும் உதறிவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டாவது மகளுக்குச் சீர் குறையாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். முகப்புக்கு வர்ணம் அடித்துவிட்டுச் சமையலறையை விழ விட்டிருக்கிற வீட்டிலேயே அந்தப் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள்.

கவுன்சலிங் அம்மா, "வாங்க, உக்காருங்க. உங்களுக்கு என்ன பேசணுமோ பேசலாம்" என்றார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் என்னை முறைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். வெளியே ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். திரும்பியும் வந்தார். அப்போதும் நாங்கள் சும்மாதான் இருந்தோம்.

கடைசியில் நானே தாங்க முடியாமல், "எனக்குப் பேச வராதும்மா" என்றேன்.

"பேசறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

"ஆமா. அதான் சொன்னேன்."

"சொல்லியும் யாரும் அதைப் புரிஞ்சுக்கலைன்னு இருக்கு."

"என் வீட்டுக்காரி கோச்சுக்கிட்டுப் போயிட்டா. அவளை வரச் சொல்லுங்க. நான் என்ன செய்யணுமோ அதையும் சொல்லுங்க, செஞ்சுடுறேன்."

"என்ன செய்யணும்னு யாராவது சொல்லிட்டா நல்லா இருக்கும்னு நினைக்கறீங்க."

"ஆமா."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். சொல்லவில்லை. ஒரு மருந்துக் கடைக்குப் போய்த் தலைவலி என்றால், "உங்களுக்குத் தலை வலிக்குது" என்று சொல்லி அனுப்புவார்களா?

கிளம்பும்போது கேட்டே விட்டேன். இது என்ன முறை என்று. அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது போலிருக்கிறது. மனிதநேய உளவியல் என்று பெயராம். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் வளர்கிற சக்தி இருக்கிறதாம், செடிக்கு இருக்கிற மாதிரி. மேலே அமுக்குகிற கல்லை எடுத்துவிட்டால் போதும், அதுவே நிமிர்ந்துவிடுமாம். கேட்கிறவர் ஒளிவு மறைவு இல்லாமல் இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, தீர்ப்பு சொல்லக் கூடாது.

"நிபந்தனை இல்லாமன்னா, எங்க அண்ணன் மாதிரி ஆளையுமா?"

"அவர் இங்க வந்தா, அவரையும்."

"அப்ப நல்லவன் கெட்டவன்னு வித்தியாசமே கெடையாதா?"

"எல்லாரையும் ஒண்ணா நடத்தறது உங்களுக்கு நியாயமாப் படலை" என்றார்.

நான் வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்து நடந்ததற்கு அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் மனக்குறையோடு ஒருவரிடம் போகிறோம் என்றால் ஒரு வாக்கு வாங்கிவரத்தான் போகிறோம். ஜோசியர், கோடாங்கி, வக்கீல், ஊர்ப் பெரிய மனிதர், யாராக இருந்தாலும் சரி. அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினால் அது தீர்ப்பு. நாம் சொன்னதையே அவர் வாயால் சொல்லிவிட்டால் அது உறுதி செய்யப்பட்ட தீர்ப்பு. அந்த அம்மா புரிந்துகொண்டதற்கு அடையாளமாகச் சொன்னதையெல்லாம் என் மனைவி சிங்கம்புணரிக்குத் தீர்ப்பாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே என் மச்சான் போன் செய்தார். வேறு யாராவது என்றால் எடுத்திருக்க மாட்டேன்.

"மாப்ள, மேடம் தெளிவாச் சொல்லிட்டாகளாம்ல. தங்கச்சியை நீங்க தனியா விட்டுட்டீகன்னு. எங்க வீட்டு ஆளு சொன்னா நீங்க நம்ப மாட்டீக. படிச்சவுக சொல்லிருக்காக."

நான் "ம்" என்றேன். அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்து என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "உன்கிட்ட என்னடா சொன்னாக?"

"பேசுறது எனக்குக் கஷ்டமா இருக்குன்னாக. யாரும் அதைப் புரிஞ்சுக்கலைன்னாக."

அண்ணன் தொடையில் தட்டினார். "அப்பறம் என்ன? உன் மேல தப்பு இல்லை, அவதான் புரிஞ்சுக்கலைன்னு சொல்லிட்டாகள்ல!"

இப்படியாக ஒரே அம்மா, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமே சொல்லாமல், இரண்டு பக்கத்துக்கும் வெற்றி கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது நான் கோபமாக இருந்தேன். உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். இவர் சொன்னதாக மச்சான் சொல்வது, இவர் சொன்னதாக அண்ணன் சொல்வது, சேலை, காபி, அண்ணன் வீட்டுத் தரை எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா இறந்தபின் அண்ணன்தான் எங்களை ஆளாக்கினார், அவர் முன்னால் உட்கார்ந்தே எனக்குப் பழக்கமில்லை, அவரிடம் போய்ச் சேலையைப் பற்றிக் கேள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு உங்களுக்கு."

"நான் சொன்னதையே திருப்பிச் சொல்லாதீகம்மா!"

"அது உங்களுக்கு எரிச்சலா இருக்கு."

"எரிச்சலாத்தான் இருக்கு! நான் சொல்றது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுங்க!"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எனக்கும் தெரியாதுங்க. நிஜமாவே தெரியாது" என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

வெளியே வந்து மொபெட்டை மிதிக்கும்போதுதான் உறைத்தது. மீன்காரர் போய்த் திரும்புகிற நேரம் முழுவதும் நான் ஒருவனே பேசியிருக்கிறேன். மனைவியிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. காது சூடாகவில்லை. அந்த அம்மா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. இருந்தாலும் என்ன லாபம்? வீடு பூட்டித்தான் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கேன் இறக்கிய ஒரு நாள், தூக்கமில்லாமல் இளைத்துப்போன ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்திருந்தார். சுவரில் யாரோ பேசுகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அந்த அம்மா உட்காரவைத்துக் கதை கேட்கவில்லை. உடனே ஆட்டோ பிடித்துச் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருக்கும் டாக்டரிடம் போனிலும் பேசினார்.

"அவருக்கு மட்டும் ஏம்மா டாக்டரு?" என்றேன்.

"அவருக்கு மருந்து வேணும். என் முறை எல்லாத்துக்கும் ஆகாது. ரொம்ப முத்தினதுக்கு, அவசரத்துக்கு ஆகாது. பேச வராதவங்களுக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தன் சரக்கில் என்ன குறை என்று வாங்குகிறவனிடம் சொல்கிற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் மூன்றாம் முறையும் போனேன்.

மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்றார். இருவரும் என்றால் எங்கள் பக்கத்தில் இருவர் இல்லையே. சிங்கம்புணரியிலிருந்து மச்சான் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். வேனில் மச்சான் வீட்டுக்காரி, சித்தப்பா ஒருவர், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். விஷயம் தெரிந்து என் அண்ணனும் அண்ணியும் பட்டு வேட்டி, பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்கள். பழைய வீட்டின் முகப்பில் இரு தரப்பும் எதிரெதிராக நின்றன.

கவுன்சலிங் அம்மா வெளியே வந்து இரு தரப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரும் மட்டும் உள்ள வந்தாப் போதும்" என்றார்.

"பொண்ணு வீட்டுக்காரவுக வெளியில நிக்கிறதா?" என்றார் மச்சான். "நாங்க ஒதுங்கி இருந்து கேட்டுக்குறோம். நீங்க தீர்ப்பை மட்டும் சத்தமாச் சொல்லுங்க."

"நான் தீர்ப்பு சொல்ல மாட்டேங்க."

"அதெப்படி? ரெண்டு பேருக்கிட்டயும் ஏற்கெனவே சொல்லிட்டீகளே!"

"நான் சொல்லலை. அவங்க சொன்னதைத்தான்..."

"தீர்ப்பு சொல்ல மாட்டாகளாம்" என்று மச்சான் என் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப எதுக்கு வாடகை கொடுத்து உக்காந்திருக்காக?" என்றார் அண்ணன்.

இத்தனை நாளில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். நாங்கள் உள்ளே போனபோது அவர்கள் வாழைப்பழத்தைப் பங்குபோட்டுக்கொண்டு டைல்ஸ் விலை பேச ஆரம்பித்திருந்தார்கள்.

உள்ளே மூன்று நாற்காலி. மனைவி இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "மேடம், நீங்களே சொல்லுங்க. தப்பு யாரு மேல?" என்றாள்.

"யார் பக்கம் தப்புன்னு தெரிஞ்சுட்டா மனசு ஆறும்னு இருக்கு உங்களுக்கு."

மனைவி மூச்சை இழுத்து விட்டாள். "ஓரகத்தி என்னன்னா சேலையைத் திருப்பிக் கொடுக்குறாக. நீங்க என்னன்னா பேச்சைத் திருப்பிக் கொடுக்குறீக!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்ககிட்டயும் இப்படித்தானா?"

"ஆமா. ரெண்டு தடவையும்."

"நான் ஏழு வாட்டி வந்துட்டேன்" என்றாள் அலுப்போடு. சேலைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அந்த அம்மா அதைக் கெடுக்காமல் சும்மா இருந்தார்.

அந்தச் சும்மாவில் யாராவது பேசித்தான் ஆக வேண்டும். சொல்லித் தர ஆள் இல்லை. இதுவரை யாராவது சொல்லியே எல்லாவற்றையும் செய்தவன் நான். "எனக்குப் பேச வராது" என்றேன் மனைவியிடம். "இனிமேயும் வராது. அண்ணன்கிட்ட நான் கேக்க மாட்டேன். கேக்கிறேன்னு பொய் சொல்லி உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகவும் மாட்டேன். நீ கேளு. நான் வந்து நிக்கிறேன்."

"நிக்கிறீகளா? எங்க, வாசல்லயா?"

"உன் பக்கத்துல."

அவள் எழுந்தாள். இவ்வளவு சீக்கிரம் எழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் வெளியே இருக்கிறார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் நேரே முகப்புக்குப் போனாள். நான் பின்னால் போய், பிறகு ஓர் எட்டு எடுத்து வைத்துப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, நான் கொடுத்த சேலையையே எனக்குக் கொடுத்தீகளே, ஏன்?"

அண்ணி வாழைப்பழத்தோடு திகைத்தார். "நீ கொடுத்ததா? முந்தியில இழை விட்டிருந்துச்சு, அதான் கட்டாம பீரோவுல வச்சிருந்தேன். யாரு கொடுத்ததுன்னு ஞாபகமே இல்லைத்தா."

மச்சான் வீட்டுக்காரி களுக்கென்று சிரித்தாள். என் மனைவியின் முகம் சிவந்தது. அண்ணனும் சிரித்தார். "இதுக்குத்தானா வேனு, வெத்தலை பாக்கு? டேய், கூட்டிக்கிட்டுப் போடா."

நான் போகவில்லை.

"டேய், உன்னைத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது கொதித்தது. அந்த அம்மா அறை வாசலில் நின்றார். அவராவது ஏதாவது சொல்லக் கூடாதா என்று பார்த்தேன். ம்ஹூம்.

"அவ பேசி முடிக்கட்டும்ணே" என்றேன்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். என் குரலை அப்படி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மனைவி அண்ணன் பக்கம் திரும்பினாள். "சேலை கெடக்கட்டும் மாமா" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "கல்யாணம் ஆகி வந்ததுலயிருந்து உங்க வீட்டு விசேசம் எல்லாத்துலயும் கடைசிப் பந்தியும் முடிஞ்சு, அண்டாவைக் கழுவி வச்சுட்டுச் சாப்பிடுறவ நான். பால் காய்ச்சுன அன்னைக்கும் அப்படித்தான். புது வீடு, புதுத் தரை. ஒருத்தராச்சும் நீயும் உக்காருத்தான்னு சொன்னீகளா?"

சேலையைப் பற்றி எங்களுக்குள் அத்தனை நாள் சண்டை நடந்தது. இந்தக் குறை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ.

டைல்ஸ் பேச்சு நின்றுபோனது. அண்ணன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். அண்ணிதான், "சொல்லிருக்கணும்த்தா. சொல்லலை" என்றார்.  மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் எதுவும் இல்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார். மனைவி அந்த வேனிலேயே சிங்கம்புணரிக்குப் போய்விட்டாள். 

எல்லோரும் போனபின் அந்த அம்மாவிடம் நின்றேன். "என்னம்மா, அவ போயிட்டாளே?"

"அவங்க போனது உங்களுக்கு..."

"வேணாம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு, "இன்னிக்கு நடந்ததை நீங்க ரெண்டு பேருமேதான் செஞ்சீங்க. நான் செய்யலை" என்றார். பெருமையாகச் சொல்கிறாரா, கைகழுவுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நாங்களே செய்வதென்றால் இவர் எதற்கு? இவர் இல்லாவிட்டால் செய்திருப்போமா? இந்த இரண்டு கேள்வியையும் இன்றைக்கும் என்னால் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணன் கையில் விட்டிருந்தால் அன்றே என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வீட்டில் விட்டிருப்பார். சேலையும் அண்டாவும் அவள் வயிற்றுக்குள்ளேயே கிடந்திருக்கும். அது தெரிகிறது. ஆனால் இந்த முறையில் ஒரு வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்ததா என்றும் தெரியாது. வேலை வெட்டியை விட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு அது சின்னக் குறை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி பையோடு உள்ளே வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள்.  புதன்கிழமை வழக்கம்போல சென்டருக்குப் போகப் போவதாக மட்டும் அறிவித்தாள்.

"இன்னும் என்ன பேச்சு?" என்றேன்.

"அங்கதான் யாரும் குறுக்க பேசாம நான் சொல்றதைக் கேக்குறாக."

சாப்பிடும்போது இரண்டு தட்டு வைத்து அவளும் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"உப்புப் பத்தலை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலையை மெதுவாக ஆட்டினாள். "உப்புப் பத்தலைன்னு உங்களுக்குத் தோணுது."

"பத்தலைடி."

"அது உங்களுக்கு எரிச்சலா இருக்கு."

நானே எழுந்து போய் உப்பை எடுத்து வந்தேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.